இஞ்சிப்பிள்ளை

போன தைப்பொங்கலுக்கு நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு சிறுமி இரண்டு ஆட்டுக்குட்டிகளை ஓட்டிக்கொண்டு போனாள். ஒன்று நின்றால் மற்றதும் நின்றது. ஒன்றை இழுத்தால் மற்றது தானாக வந்தது. அவள் பொறுமை இழந்து, "ஏய் இஞ்சிப்பிள்ளைங்களா, நடங்க" என்று அதட்டினாள்.

நான் அவளை நிறுத்தி, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"எப்பவும் ஒன்னாவே திரியிறவங்கள அப்படித்தான் சொல்லுவாங்க டீச்சர்."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லிக்குடுக்கல. அது பழைய தமிழுங்க. எங்க தாத்தா காலத்துல இருந்தே இருக்கு."

நான் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பிழையைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாத வியாதி எனக்கு உண்டு. ஆனாலும் அவளைத் திருத்தவில்லை. அந்தச் சொல் பழையது அல்ல, தமிழும் அல்ல. அதற்கு வயது இருபத்து மூன்றுதான். அது பிறந்த காலையில் நான் பக்கத்தில் நின்றேன். உண்மையைச் சொன்னால், அதைப் பெற்றுப் போட்டதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது. அதற்குள் நுழைந்த எந்த ஆங்கிலச் சொல்லும் நுழைந்தபடியே இருந்ததில்லை. லைன் என்பது லயம் ஆனது; வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் வீடுகளுக்கு அதுதான் பெயர். பரேட் என்பது பெரட்டு ஆனது; காலையில் வேலையாட்கள் கூடி, யார் எந்த மலைக்குப் போவது என்று கேட்டுக்கொள்கிற இடம் பெரட்டுக் களம். கண்டக்டர், கண்டாக்கு ஐயா ஆனார். அவர் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் அல்ல, மலை வேலையை எல்லாம் நடத்துகிற உத்தியோகத்தர். இப்படிச் சொற்களை மென்று வேறொன்றாக்கித் துப்புவதில் எங்கள் ஆட்களுக்கு நல்ல பழக்கம் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டால், மற்றது தானாக விளங்கும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் அத்தையும் கொழுந்து பறிக்கிறவர்கள். அத்தை என் அப்பாவின் தங்கை. அவளுடைய புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்ததால், எங்களுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். அண்ணியும் நாத்தனாரும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தால் வாரத்துக்கு ஒரு சண்டையாவது நடக்க வேண்டும் என்பது எங்கள் லயத்தின் எழுதாத சட்டம். இவர்கள் இருவரும் அந்தச் சட்டத்தை மதிக்கவே இல்லை. காலையில் சேர்ந்து போனார்கள். பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று பறித்தார்கள். மத்தியானம் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்குகூட ஒரே துணியில் வெட்டிய இரண்டு பாதி. "இவள நான் கட்டிக்கிட்டேனா, என் தங்கச்சி கட்டிக்கிட்டாளான்னு தெரியல" என்று அப்பா கிண்டல் செய்வார்.

அத்தையின் இடுப்பில் எப்போதும் ஒரு இரும்புச் சாவி செருகியிருக்கும். நடுவிரல் நீளத்தில், துருப்பிடித்த, ஏதோ பழைய பெட்டகத்தின் சாவி போன்ற சாவி. வேடிக்கை என்னவென்றால், அவள் வீட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாது. கம்பியை வளைத்துச் செய்த கொக்கிதான். சாவி எந்தக் கதவுக்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒங்கம்மா கதவுக்கு" என்றாள்.

எங்கள் கதவுக்கும் பூட்டு இல்லை. பெரியவர்கள் பதில் சொல்ல விரும்பாதபோது இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

எப்போதாவது, இரண்டு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை, அம்மாவுக்குத் தலைச்சுற்று வரும். வந்தால் அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். என்னிடம் குடத்தைக் கொடுத்து, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிடுவாள். நான் திரும்பி வரும்போது இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என்னை அனுப்பிவிட்டு ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று எனக்கு உள்ளூரப் பொறாமையாக இருக்கும்.

அந்த வருடம் புதிதாக ஒரு கண்டாக்கு ஐயா வந்தார். கெட்டவர் அல்ல. புதிதாக வந்தவர்களுக்கு எதையாவது மாற்றிப் பார்த்தால்தான் தூக்கம் வரும், அவ்வளவுதான். இரண்டு நாள் மலையில் நின்று பார்த்தார். அம்மாவும் அத்தையும் வாய் ஓயாமல் பேசுவதைக் கண்டார். மூன்றாம் நாள் பெரட்டில் அம்மாவை ஏழாம் நம்பர் மலைக்கும், அத்தையை ஆற்றோரம் இருக்கும் மலைக்கும் போகச் சொல்லிவிட்டார். ஏழாம் நம்பர் மலை செங்குத்தானது. ஒரு பக்கம் வெறும் பாறை.

அத்தை கங்காணியிடம் போய்க் கெஞ்சினாள். அவர் கண்டாக்கு ஐயாவைக் கேட்கச் சொன்னார். கண்டாக்கு ஐயா, "மலைக்குப் போறது கொழுந்து எடுக்க. குடும்பக் கதை பேச இல்ல" என்று சொல்லிவிட்டார். அத்தை அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு இது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. என் வகுப்பிலும் அதிகம் பேசினால் இடம் மாற்றுவார்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் புதுப் பக்கத்து ஆளோடு பேச ஆரம்பித்துவிடுவோம். ஆனால் அம்மாவுக்கு அப்படி ஆகவில்லை. காலையில் படங்கைக் கட்டும்போது அவள் விரல்கள் முடிச்சைத் தவறவிட்டன. ரொட்டியைத் தொடாமல் அப்படியே கொண்டுவந்தாள். அட்டைக்கும் குளவிக்கும் பயப்படாத என் அம்மா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஊர்க்கதை பேச ஆள் இல்லை என்று ஒருத்தி இவ்வளவு பயப்படுவாளா என்று எனக்குச் சங்கடமாகவும் கொஞ்சம் வெட்கமாகவும்கூட இருந்தது.

பிரிந்த மூன்றாம் நாள் அம்மா நேரத்தோடு வந்துவிட்டாள். முழங்கை சிராய்த்து, சேலையெல்லாம் சேறு. நான் வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா ஆச்சு?"

"வழுக்கிருச்சு."

"பாத்து நடந்தா என்னம்மா?" என்று நான் கண்டிப்பாகக் கேட்டேன்.

"சரிம்மா. இனிமே பாத்து நடக்குறேன்" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அவர் அம்மாவின் தம்பி, தோட்ட மேனேஜரான பெரிய தொரையின் பங்களாவில் சமையல்காரர். பங்களாவில் காதில் விழுகிற ஆங்கிலத்தை எல்லாம் லயத்துக்குக் கொண்டுவந்து எங்கள் மேல் பரீட்சித்துப் பார்ப்பார். சொற்களோடு ஒருமுறை ஒரு அகராதியையும் கொண்டுவந்திருந்தார். வெள்ளைக்காரத் தொரைமார் காலத்துத் தடிப் புத்தகம், பங்களாவில் எரிக்கப் போட்ட பழைய தாள்களுக்கிடையே கிடந்தது. முன்பக்கங்கள் கிழிந்து, சீ எழுத்தின் நடுவிலிருந்துதான் தொடங்கும். ஏ, பி எழுத்துகளில் ஆரம்பிக்கிற ஆங்கிலச் சொற்கள் மேல் எனக்கு இன்றுவரை முழு நம்பிக்கை கிடையாது.

அம்மாவின் முழங்கையைப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறியது. அக்காவும் தம்பியும் உள்ளே போய்ச் சிறிது நேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு அவர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா, நீ இங்கிலீசுல ஒரு கடுதாசி எழுதணும். தொரைக்கு."

"கண்டாக்கு ஐயாவுக்குத்தானே எழுதணும்?"

"அவருக்கு எழுதுனா அவரே படிப்பாரு. தொரைக்கு எழுது."

என்ன எழுதுவது என்று கேட்டேன். மாமா பங்களா நாய்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தொரையிடம் இரண்டு கிழட்டு நாய்கள் இருந்தன. ஒன்றுக்குக் கண்கள் பால் மாதிரி வெளுத்திருக்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டே நடக்கும், ஒரே சாக்கில் படுக்கும். விருந்தாட்கள் வந்தால் தொரைசாணி அவற்றைக் காட்டி ஒரு சொல் சொல்வாராம். மாமா அந்தச் சொல்லைத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"இஞ்செப்ரபிள்."

பிறகு, "நாய்க்கே இப்படி ஒரு வார்த்த வச்சிருக்காங்கன்னா, மனுசனுக்கு அத எழுதுனா தப்பா?" என்றார்.

இருவரும் அகராதியில் தேடினோம். முதலில் இ ஓசைக்கு ஆங்கில ஈ எழுத்தில் தேடி அரைமணி நேரம் வீணானது. கடைசியில் ஐ எழுத்தில் அகப்பட்டது. இன்செபரபிள். அரைப் பக்கத்துக்கு விளக்கம். எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலத்தில் பாதிதான் புரிந்தது. மீதியைப் பிற்காலத்தில் வேறு அகராதிகளில் பார்த்து நிரப்பிக்கொண்டேன். லத்தீனிலிருந்து வந்த சொல் அது. பிரிக்க முடியாத என்பது முதல் பொருள். ஒரு காலத்தில் அரசனின் முடியிலிருந்து கழற்றி வேறு யாருக்கும் கொடுக்க முடியாத உரிமைகளைச் சொல்ல, சட்டக்காரர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். பன்மையில் பெயராகச் சொன்னால், எப்போதும் சேர்ந்தே திரிகிற கூட்டாளிகள். இன்னொன்று இலக்கணத்தில் வருவது. சில சொல்லுறுப்புகள் தனிச்சொல்லாக வர மாட்டா, இன்னொரு சொல்லோடு ஒட்டித்தான் வரும். அவற்றுக்கும் இதே பெயர்.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இலக்கணப் பொருளுக்கு வந்ததும் மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அத திரும்பச் சொல்லு."

"தனியா நிக்க முடியாதது. இன்னொன்னோட ஒட்டித்தான் நிக்கும்."

"அத எழுது. எத விட்டாலும் அத விடாத."

இலக்கணத்தில் இவ்வளவு ஆர்வம் உள்ளவர் ஏன் ஐந்தாம் வகுப்போடு நின்றார் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா, என் அம்மாவும் அத்தையும் இன்செபரபிள், அதாவது பிரிக்க முடியாதவர்கள், அதாவது தனியாக நிற்க முடியாதவர்கள், ஆகவே தயவுசெய்து இருவரையும் ஒரே மலைக்குப் போடவும். அரசனின் முடியையும் சேர்க்கப் பார்த்தேன். மாமா வேண்டாம் என்றுவிட்டார். அடியில் அம்மாவின் பெயரையும் அத்தையின் பெயரையும் நானே எழுதினேன், அவர்களிடம் கேட்காமல். அன்று பின்னேரம் தொரையின் தேநீர்த் தட்டில், சீனிக் கிண்ணத்துக்கு அடியில், அந்தக் கடிதம் போனது.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பெரட்டுக் களத்தைத் தாண்டினேன். கண்டாக்கு ஐயாவின் கையில் என் கடிதம் இருந்தது. தொரை அதன் ஓரத்தில், கவனிக்கவும் என்று எழுதி அவருக்கே அனுப்பியிருக்கிறார். கந்தோர் வேலை, அதாவது ஆபீஸ் வேலை என்பது அப்படித்தான், எங்கே சுற்றினாலும் யாருக்கு எதிராக எழுதினோமோ அவர் மேசைக்கே வந்து சேரும். தன்னைத் தாண்டித் தொரைக்கு எழுதிவிட்டார்களே என்று அவருக்கு முகம் சிவந்திருந்தது. கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னார்.

"இவங்க ரெண்டு பேரையும் பிரிக்க முடியாதாம். தொரைக்கே எழுதிக் குடுத்திருக்காங்க. பிரிக்க முடியாது."

இங்கேதான் என் மொழி அறிவு காலை வாரியது. இணைபிரியாத என்று ஒரு நல்ல சொல் தமிழில் இருக்கிறது. அதை அவரும் எடுக்கவில்லை, எனக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அதற்கு முந்திய மாதம்தான் தோட்டத்தில் ஒரு தொழிற்சங்கக் கூட்டம் நடந்திருந்தது. ஒலிபெருக்கியில் நூறு தடவையாவது கத்தியிருப்பார்கள், தொழிலாளரைப் பிரிக்க முடியாது, பிரிக்க முடியாது என்று. எங்கள் பெண்களுக்கு அந்த இரண்டு சொல்லும் ஒன்றாகக் காதில் விழுந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான். என் அம்மாவும் அத்தையும் நிர்வாகத்துக்கு எழுத்தில் சவால் விட்டுவிட்டார்கள்.

பின்வரிசையில் நின்ற ஒரு அக்கா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமா. பிரிக்க முடியாதுதான்" என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் பெரட்டுக் களம் முழுவதும் கவிழ்ந்த கூடைகள். யாருக்கும் விவரம் தெரியாது, ஆனால் யாரும் மலைக்குப் போவதாக இல்லை. தோட்டத்துச் சங்கத் தலைவர் செய்தி கேட்டு, பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார். கோரிக்கை என்ன என்று கேட்டார். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோரிக்கை இல்லாமல் வேலை நிறுத்தம் நடப்பது அவருக்கு அழகாகப் படவில்லை. அதனால், வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக் காம்பராவின் ஓட்டைக் கூரையை அவரே கோரிக்கையாகச் சேர்த்துக்கொண்டார்.

அம்மாவும் அத்தையும் நடுவில் நின்றார்கள். அவர்கள் மட்டும்தான் உட்காரவில்லை. அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. "நாங்க எழுதலங்க, எங்களுக்குத் தெரியாதுங்க" என்று கங்காணியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு மலையைக் கேட்கப் போய் இருவருக்கும் வேலையே போய்விடும் போல இருந்தது. ஓடிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அதற்குள் தொரையின் ஜீப் வந்துவிட்டது. அவர் இளம் வயது சிங்களவர். தமிழை மெதுவாகப் பேசுவார், ஆனால் பேசுவார். கண்டாக்கு ஐயா ஸ்ட்ரைக் என்றார். தலைவர் கூரை என்றார். தொரை கடிதத்தை வாங்கி, யார் எழுதியது என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் போய் நின்றேன். வெள்ளைச் சீருடையில், புத்தகப் பையோடு. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் நேராக நினைத்துப் பார்க்க முடியாது.

"இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

படித்த ஆங்கிலம் அத்தனையும் அந்த நிமிடத்தில் என்னை விட்டுப் போய்விட்டது. லத்தீன் போனது, இலக்கணம் போனது. கடைசியில் தமிழில்தான் வந்தது.

"ஒங்க நாய் ரெண்டும் மாதிரிங்க சேர்."

கண்டாக்கு ஐயா கண்ணை மூடிக்கொண்டார். பெற்ற தாயை நாய்க்கு ஒப்பிட்டவள் என்று பிறகு ஒரு மாதம் எனக்குப் பேச்சு விழுந்தது. தொரை மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடிதத்தை மறுபடி பிரித்தார். நடுவில் ஒரு இடத்தில் அவருடைய சிரிப்பு நின்றது. அம்மாவைப் பார்த்தார். அவளுடைய முழங்கையைப் பார்த்தார்.

"தனியா போக ஏலாதா?" என்று மெல்லக் கேட்டார்.

அம்மா தரையைப் பார்த்தாள். அத்தை ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் கை இடுப்புச் சாவியைப் பிடித்திருந்தது.

"ஏலாதுங்க தொரை" என்றாள்.

அவ்வளவுதான். தொரை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கண்டாக்கு ஐயாவிடம் சிங்களத்தில் ஒரே வரி சொன்னார். இரண்டு பேரையும் ஒன்றாகவே போடுங்கள், பாறைப் பக்கம் வேண்டாம். பிறகு தலைவரைப் பார்த்து, கூரைக்கும் தகரம் அனுப்புகிறேன் என்றார். தலைவருக்கு வெற்றி இவ்வளவு சீக்கிரம் வந்தது கொஞ்சம் ஏமாற்றம்தான். கூடைகள் நிமிர்ந்தன.

அம்மா கூடையை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதே கையால் தலையைத் தடவிவிட்டும் போனாள். அன்று பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் அடி வாங்கினேன், வலிக்கவே இல்லை.

அன்று மாலை அம்மா இரண்டு ரொட்டி தின்றாள். மாமா பங்களாவிலிருந்து கேக் துண்டுகளைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். அப்பா, "நாயத் தவிர வேற எதும் கெடைக்கலயா ஒனக்கு?" என்று என்னைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எல்லோரும் தேவைக்கு மேல் சிரித்தார்கள். மாமா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டதை அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

கடிதத்தில் இருந்த சொல் என்ன என்று லயமே என்னிடம் வந்து கேட்டது. நானும் பெருமையாக, திருத்தமாகச் சொல்லிக் கொடுத்தேன். இன்செபரபிள். ஒரு வாரத்தில் அது இஞ்சிப்பரபிள்ளை ஆனது. மாதம் முடிவதற்குள் இஞ்சிப்பிள்ளை. முதலில் அம்மாவுக்கும் அத்தைக்கும் மட்டும்தான் அந்தப் பட்டம். பிறகு எந்த இரண்டு கூட்டாளிகளைக் கண்டாலும், எந்த இரண்டு கோழிகளைக் கண்டாலும் இஞ்சிப்பிள்ளை. எந்த அகராதியும் இதைச் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் லத்தீனிலிருந்து பல நூறு வருடம் நடந்து வந்த ஒரு சொல், எங்கள் லயத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டது.

கதையை நான் பல வருடம் இந்த இடத்தோடு முடித்துவிடுவதுதான் வழக்கம்.

எனக்குப் பதினேழு வயதான பிறகு ஒரு மத்தியானம். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற அம்மா, "அத்தையக் கூப்பிடு" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. நான் எழுவதற்குள் விழுந்துவிட்டாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே செருகி, வாயோரம் நுரை வந்தது. நான் கத்திக்கொண்டு நின்றேன், வேறு ஒன்றும் செய்யவில்லை.

அத்தை வந்தாள். பதறவில்லை. அம்மாவை அடுப்பிலிருந்து இழுத்து விலக்கினாள், ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், தலைக்குக் கீழே தன் படங்கை மடித்து வைத்தாள். இடுப்பிலிருந்து அந்த இரும்புச் சாவியை உருவி அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். வலிப்பு வந்தவர்களின் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

"ஒன்னுமில்ல பாப்பா. மூணு நிமிசந்தான். எண்ணிக்கிட்டே இரு" என்றாள்.

நான் எண்ணினேன். நின்றது.

அம்மாவுக்கு இந்த வலிப்பு சிறு வயதிலிருந்தே இருந்திருக்கிறது. மாமாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். கல்யாணமான மறு வருடம் மலையில் வைத்து அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் பக்கத்து நிரையை விட்டதில்லை. வெளியே தெரிந்தால் மலைக்கு விடமாட்டார்கள், வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். நாளைக்கு எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பேச்சு வரும் என்ற பயமும்தான். வாய் ஓயாமல் பேசியதுகூட ஊர்க்கதை இல்லை. அம்மாவின் பதில் தடுமாறினால் வரப்போகிறது என்று அர்த்தம். உடனே அத்தை அவளைச் செடிக்கு இடையில் உட்கார வைத்து, தன் உடம்பால் மறைத்துக்கொள்வாள். அதற்காகத்தான் அந்தப் பேச்சு.

நான்தான் பிறகு பிடிவாதம் பிடித்து அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வருடம் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். இப்போது பதினாறு வருடமாக ஒருமுறைகூட வரவில்லை. வீட்டில் இருந்த மாப்பிள்ளைப் பயத்தையும் என் கணவர் முதல் நாளே சிரித்துத் தீர்த்துவிட்டார். சாவி பிடிப்பதால் வலிப்பு நிற்காது என்று டாக்டர் அத்தைக்கு விளங்கப்படுத்தினார். அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆட்டுக்குட்டிச் சிறுமி போன பிறகு நான் வீட்டுக்கு முன்பக்கம் வந்தேன். இருவருமே வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள். பொங்கல் வெயிலில் ஒரே சாக்கை விரித்து உட்கார்ந்து, பயறு புடைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் இடுப்பில் சாவி இருந்தது.

"இன்னும் எதுக்கு அத்தை இது? அதான் நல்லாயிருச்சே."

"கெடக்கட்டும். கதவு தொறந்து கெடந்தா சாவிய வீசிருவாங்களா?" என்றாள். அம்மா முறத்தைப் பார்த்தபடி சிரித்தாள்.

நான் அவர்களுக்குப் பக்கத்தில் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். தனியாக நிற்க முடியாதவர்கள் என்று என் கையாலேயே எழுதினேன், குண்டு குண்டான எழுத்தில். அகராதியில் பார்த்து எழுதியவளுக்கு அது இலக்கணம். எழுதச் சொன்னவருக்கு அவருடைய அக்கா. குருட்டு நாய் ஒன்றை வளர்த்த தொரைக்குக்கூட வாசித்தவுடன் விளங்கியிருக்கிறது.

அம்மாவின் முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று ஏழாம் நம்பர் மலையில் அவள் வழுக்கவில்லை. பாறைக்கு மூன்று அடி இப்பால் தனியாக விழுந்து, தனியாகவே இழுத்து, தனியாகவே தெளிந்து, எழுந்து நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். வாசலில் உட்கார்ந்திருந்த மகள், பாத்து நடந்தா என்னம்மா என்று கேட்டாள். சரிம்மா, இனிமே பாத்து நடக்குறேன் என்றாள் அவள். நானும் அந்தப் பதிலில் திருப்திப்பட்டு, வீட்டுப்பாடத்தில் விட்ட வரியிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.